அக்காவோடு அந்தமான்: ஒரே அறையா, தனி அறையா?

கேள்வி, 7 பிப்ரவரி 2025

நானும் என் தங்கையும் மட்டும் மார்ச் கடைசியில் ஆறு நாள் அந்தமான் போகிறோம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போனதில்லை. ஒரே அறை எடுத்தால் செலவு குறையும். ஆனால் சண்டை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கூடப்பிறந்தவரோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எந்தத் தீவில் எத்தனை நாள் தங்கலாம்?

பதில், 8 பிப்ரவரி 2025, இரவு

தனி அறை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

நானும் அக்காவும் ஜனவரி 25 முதல் 30 வரை போய் வந்தோம். அவளுக்கு 49, எனக்கு 43. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள்தானே என்று ஒரே அறை போட்டோம். முதல் நாளே கட்டிலுக்குச் சண்டை. நான் பையை வைத்த கட்டில்தான் வேண்டும் என்று நின்றாள். ஏன் என்று கேட்டால் "எனக்கு இந்தப் பக்கம்தான் சரிப்படும்" என்பதோடு சரி. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலிலும் இதே கதைதான். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பி நகரச் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது ஜன்னல் மறுபக்கம் இருந்தது, அதை எனக்கே கொடுத்துவிட்டாள். அப்படியானால் ஜன்னலுக்கு ஆசைப்பட்டும் இல்லை, வெறும் பிடிவாதம்.

மூன்றாம் நாள் ராத்திரி நான் கொஞ்சம் கடலோரம் நடந்துவிட்டு வந்தேன். அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். இருபது நிமிடம் கதவைத் தட்டினேன். பக்கத்து அறைக்காரர் எழுந்து வந்துவிட்டார், அக்கா எழவில்லை. கடைசியில் விடுதிப் பையன் பின்பக்க ஜன்னலில் டார்ச் அடித்ததும்தான் எழுந்தாள். வெளிச்சத்துக்கு எழுகிறவள் சத்தத்துக்கு எழ மாட்டாளா?

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையில் "அக்கா" என்று கூப்பிட்டால் கடலைப் பார்ப்பாள், மரத்தைப் பார்ப்பாள், என்னை மட்டும் பார்க்க மாட்டாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மூச்சுக்கருவியோடு கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவுக்கு இரண்டு பேருக்கும் முன்பணம் கட்டியிருந்தேன். கடைக்குப் போய், கையெழுத்துப் போடும் படிவத்தைக் கையில் வாங்கியதும் "நான் வரலை, நீ போய்ட்டு வா" என்றாள். முன்பணம் திரும்பி வரவில்லை. பயந்திருக்கிறாள், அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் அவளுக்கும் சேர்த்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் கணக்கு: ஹேவ்லாக்குக்கு மூன்று இரவு, நீல் தீவுக்கு ஒன்று, மிச்சம் போர்ட் பிளேரில்.

9 பிப்ரவரி, காலை

பெயர் விஷயத்தில் ஒருவர் திருத்தியிருக்கிறார், சரிதான். 2018 டிசம்பரிலிருந்து ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. போர்ட் பிளேரையும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார்.

நேரத்தை யாரும் சொல்வதில்லை. நம் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, அந்தமான் இருப்பதோ 93 பாகை அருகில். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் சூரியன் அங்கே 40 நிமிடத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. ஜனவரியில் ஐந்தரைக்குள் அஸ்தமனம் முடிந்துவிடும். ராதாநகர் மேற்குப் பார்த்த கரை. சாப்பிட்டுவிட்டு நாலரைக்குக் கிளம்பினால் அவசர அவசரமாக ஓட வேண்டியிருக்கும். நாங்கள் மூன்றரைக்கே போய்விட்டோம், அது அக்காவின் ஏற்பாடு. காலையில் நாலரைக்கு என்னை எழுப்பியதும் அவள்தான். அதே தீவில் காலாபத்தர் கடற்கரை கிழக்குப் பார்த்தது, அங்கே சூரியோதயம் பார்த்தோம். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே மணல் ஈ உண்டு. முழங்கால்வரை மூடிக்கொள்ளுங்கள். கடித்த அன்று ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் அரிப்பு ஆரம்பிக்கும்.

10 பிப்ரவரி

நீச்சல் தெரியாதவர்கள் ஸ்கூபா போகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம். எனக்கும் தெரியாது. பயிற்சியாளர் ஒருவர் நம்மைவிட்டு நகரவே மாட்டார். முதலில் இடுப்பளவு தண்ணீரில் வாயால் மூச்சு விடவும், கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றவும், கைச் சைகைகளும் சொல்லித்தருவார். முதல்முறை போகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப்போக மாட்டார்கள்.

காதுதான் முக்கியம். 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று சுருங்கும், பறை உள்பக்கம் இழுபடும், சுள்ளென்று வலிக்கும். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும், காதில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு மீட்டருக்கும் இதைச் செய்துகொண்டே இறங்கினோம். சளி பிடித்திருந்தால் போகாதீர்கள், அடைத்த மூக்கோடு இது நடக்காது.

முந்தின ராத்திரி அக்கா எனக்குக் கோன் மருதாணி வைத்துவிட்டிருந்தாள். பத்து விரலும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. பன்னிரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் போனதும் கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் மங்கிக் கருத்துப்போன மாதிரி இருந்தது. ஒரு கணம் பயந்துவிட்டேன். தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் உறிஞ்சிவிடுமாம், மேலே வந்த பிறகு பயிற்சியாளர் சொன்னார். மேலே வர வரச் சிவப்பும் கூடவே ஏறி வந்தது. கரையில் நின்ற அக்காவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்கூபா முடித்த அன்றே விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரமாவது விட வேண்டும், ஒன்றுக்கு மேல் என்றால் 18. அதனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

12 பிப்ரவரி, இரவு 11 மணி

8-ஆம் தேதி எழுதியதை இன்று சாயங்காலம் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கட்டில் சண்டைக்குச் சிரித்தாள், கதவு தட்டினதற்கும் சிரித்தாள். "பயந்திருக்கிறாள்" என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

"பயமில்லடீ. அந்தப் படிவத்துல காது பத்திக் கேட்டிருந்தான். எனக்கு எடது காதுல ஓட்டை இருக்கில்ல, அதுல போய்ப் பொய்க் கையெழுத்து போடவா?"

எந்த ஓட்டை என்றேன்.

"நீதான். ஈர்க்குச்சி."

எனக்கு அப்போது நாலு வயதாம், அவளுக்குப் பத்து. அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள் பாட்டி, அக்கா பாட்டிக்குக் காது குடைந்துவிட்டிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு நானும் அக்காவுக்குக் குடைகிறேன் என்று பின்னாலிருந்து துடைப்பத்து ஈர்க்குச்சியைச் செருகியிருக்கிறேன். ரத்தம் வந்திருக்கிறது. அம்மாவிடம் அவள் சொன்னது, "நானே குடைஞ்சிக்கிட்டேன்." அதற்கு அடியும் வாங்கியிருக்கிறாள்.

ஏன்க்கா சொல்லலை என்றேன். "உனக்கு நாலு வயசு. சொன்னா என்ன, ஓட்டை அடைஞ்சிடுமா?" என்றாள். பிறகு அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அது எதுவும் நினைவில் இல்லை. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை.

13 பிப்ரவரி

"ஒரே வீட்டில் வளர்ந்தீர்கள், தெரியாமலா இருந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் காதில் தண்ணீர் போகக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தலைக்குக் குளிக்கும் முன் பஞ்சில் வாசலின் தடவி உருட்டி இடது காதில் அடைத்துக்கொள்வாள். குளியலறை மாடத்தில் அந்தப் பஞ்சு டப்பா எப்போதும் இருக்கும். மழைக்காலத்தில் காதில் சீழ் வைக்கும், சொட்டு மருந்து விடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்ப்பது இது. சிலருக்குக் கண்ணாடி, அக்காவுக்குப் பஞ்சு, அவ்வளவுதான் என் மனதில். எப்படி வந்தது என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு அனேகமாகக் கேட்கவே கேட்காது என்பதும் நேற்றுதான் தெரியும். எனக்கு ஆறு வயது நடக்கும்போது அவள் எட்டாம் வகுப்பு, பிறகு விடுதி, பிறகு கல்யாணம். நாங்கள் ஒன்றாக இருந்த வருடங்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு.

16 பிப்ரவரி

முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். அழிக்கலாமா என்று பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றாகச் சரி செய்ய வேண்டும்.

கப்பல் சீட்டு. அவள் எப்போதும் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுடைய வலது காது என் பக்கம் வரும். போகும்போது அந்த இடத்தில் ஜன்னல் இருந்தது, வரும்போது இல்லை. நடக்கும்போதும் அப்படித்தான், பேசிக்கொண்டே போகையில் பின்னால் சுற்றி வந்து இடது பக்கம் சேர்ந்துகொள்வாள். ஆறு நாளும் என்னோடு பேசுவதற்காக இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அதைப் பிடிவாதம் என்று எழுதினேன்.

கதவு. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கேட்கிற காது தலையணைக்குள் போய்விடும், இடி விழுந்தாலும் தெரியாது. கட்டில் விஷயமும் அதுதான், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நான் கூப்பிடுவது காதில் விழும் என்று பார்த்திருக்கிறாள்.

ராதாநகர். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். ஒரு காதில் கொஞ்சம் முன்னால் விழும், மறு காதில் கொஞ்சம் பின்னால், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் சட்டென்று திரும்புகிறோம். அவளுக்கு ஒரு காதுதான். நான் கூப்பிடுவது கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. அதனால்தான் கடலையும் மரத்தையும் பார்த்தாள். என்னைத் தேடியிருக்கிறாள்.

இதில் எனக்குப் பிடிபட்ட இன்னொன்று: பன்னிரண்டு மீட்டரில் நானும் அப்படித்தான் இருந்தேன். தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். இரண்டு காதுக்கும் அனேகமாக ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துவிடுவதால் திசையே தெரியாது. பயிற்சியாளர் தன் சிலிண்டரில் உலோகக் குச்சியால் 'டிங் டிங்' என்று தட்டிக் கூப்பிட்டார். நான் இடது பக்கம் பார்த்தேன், கீழே பார்த்தேன், அவர் என் தலைக்கு மேலே இருந்தார். தலைக்குள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி இருந்தது. முப்பது நிமிடம் நான் அப்படி இருந்ததற்கே தவித்துப்போனேன்.

விமானத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். இறங்கும்போது எனக்குக் காது அடைத்து வலித்தது, எச்சில் விழுங்கிக்கொண்டே வந்தேன். அக்கா வலது காதை மட்டும் ஒரு தரம் தேய்த்துக்கொண்டாள். இடது காது அவளை ஒன்றும் செய்யவில்லை, பறையில் ஓட்டை இருந்தால் இரண்டு பக்க அழுத்தமும் தானாகவே சமமாகிவிடும். "உனக்கு மட்டும் ஏன்க்கா வலிக்கலை?" என்று கேட்டது நினைவிருக்கிறது. "பழகிப்போச்சு" என்றாள்.

எல்லாவற்றையும் காதின் தலையில் கட்டவும் கூடாது. காலை நாலரை மணி, ஒவ்வொரு பில்லையும் இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பது, என் பையைத் திறந்து துணி மடித்து வைப்பது, இதெல்லாம் அக்கா. காது நன்றாக இருந்தாலும் இப்படித்தான் இருப்பாள்.

17 பிப்ரவரி

காதில் ஓட்டை இருப்பவர் கடலில் முகம் வைத்து மிதக்கும் ஸ்நார்க்கலிங் போகலாமா என்று ஒருவர். மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே போனால் தலை சுற்றும். கடலில் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. சீழும் வைக்கும்.

அவர்களுக்கு நீல் தீவில் பாரத்பூர் கடற்கரை இருக்கிறது. அடியில் கண்ணாடி பதித்த படகில் அழைத்துப்போவார்கள். எனக்கு அது சலிப்பாக இருந்தது, முதல் பதிவில் எழுதக்கூட இல்லை. முந்தின நாளே உள்ளே இறங்கிப் பார்த்தாயிற்று என்ற நினைப்பு. அக்கா அந்தச் சதுரக் கண்ணாடி மேல் குனிந்தவள் நிமிரவில்லை. கிளிமீன் ஒன்று பவளப்பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. அது பாறையைத் தின்று அரைத்து மணலாகக் கழிக்கிறது, வெப்பக்கடல் தீவுகளின் வெள்ளை மணலில் இதற்கும் பங்கு உண்டு என்றேன். "அப்ப ரெண்டு நாளா எது மேல படுத்துக்கிடந்தோம்!" என்றாள். படகில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கடல் அட்டை, சாமந்திப்பூ மாதிரி விரிந்த கடல் சாமந்தி, அதற்குள் புகுந்து புகுந்து வரும் கோமாளி மீன், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். நான் அவளுக்கு வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். தற்செயலாக இல்லை, அவள்தான் உட்கார வைத்திருந்தாள்.

19 பிப்ரவரி

அலை வற்றும் நேரம் பற்றி. நீல் தீவில் லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் பாறைப் பாலத்துக்கு நீர் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போக முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றலும் அதிகம். நாங்கள் தை அமாவாசைக்கு அங்கே இருந்தோம், ஜனவரி 29. தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போன வாரம் போனவர் சொன்ன மணியை நம்பாதீர்கள், விடுதியில் அன்றைய நேரத்தைக் கேளுங்கள். வழுக்காத செருப்பு வேண்டும். குட்டையில் இருக்கும் எதையும் மிதிக்காதீர்கள், எடுக்காதீர்கள்.

அக்கா அங்கே விரல் நீளத்தில் ஒரு சங்கு எடுத்தாள், வரி வரியாகப் பழுப்பு. பையில் போடப் போனவளை நான் தடுத்தேன், இங்கிருந்து சிப்பி, பவளம் கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்தில் பையைப் பார்ப்பார்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. அவள் சங்கைக் கீழே வைக்கும் முன் காதில் வைத்துப் பார்த்தாள். வலது காதில். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு இடது காதில் வைத்து, உடனே எடுத்துவிட்டாள். நான் அப்போது போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. இடது காதில் சங்கு, கண்கள் என் பக்கம்.

19 பிப்ரவரி, பிறகு

மேலே எழுதியதை அப்படியே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். மன்னியுங்கள், முடியவில்லை.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு: அரை நாள் வையுங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த கட்டடம். ஏழு சிறகில் இன்று நிற்பது மூன்று. ஒவ்வொரு அறையின் முகப்பும் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கிறார்கள், கைதிகள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்று. வழிகாட்டி இதைச் சொல்லும்போது அக்கா ஓர் அறைக்குள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பேச்சுக் குரல்கூடக் கேக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

9 மார்ச்

நேற்று அக்காவைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வரவே மாட்டேன் என்றாள். "எனக்கு ஒரு காது போதும்டீ, நீ பேசுறதுக்கு அதுவே ஜாஸ்தி" என்றாள். ஆனாலும் வந்தாள்.

செவிப்பறையில் பாதிக்கு மேல் ஓட்டை. உள்ளே இருக்கும் சின்ன எலும்புகளில் ஒன்றும் விலகியிருக்கலாம் என்று ஸ்கேன் எழுதியிருக்கிறார். அறுவைச் சிகிச்சை செய்யலாம், காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையை மூடுவார்களாம். கேட்கும் திறன் எவ்வளவு திரும்பும் என்று உள்ளே பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். எப்படி வந்தது என்று அவர் கேட்டபோது அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். ஈர்க்குச்சி, நான்தான், நாலு வயது. அவர் எழுதிக்கொண்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவருக்கு, நீங்கள் கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது: ஒரே அறை எடுங்கள், இரண்டு கட்டில் உள்ளதாகப் பார்த்து. எந்தக் கட்டில் என்று தங்கையையே முதலில் கேளுங்கள். ஸ்கூபா படிவத்தை முன்கூட்டியே வாங்கி வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள்.

கேட்கும் திறன் சோதித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. சிவப்புக் கோடு மேலேயே ஓடுகிறது, நீலம் தாளின் கீழ்ப்பகுதியில். ஆட்டோவில் வரும்போது அக்கா இரண்டு கோட்டுக்கும் நடுவே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அளந்து பார்த்து, "இவ்வளவுதான்டீ" என்று காட்டினாள். நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.